பேனலை மறைத்தது நானில்லை

உலான்பாத்தர்,
குளிர்காலத்து மூன்றாம் ஒன்பதின் ஏழாம் நாள், ஜனவரி பதினைந்து.

அன்பு மகள் உயங்காவுக்கு அப்பா எழுதுவது.

குளிர்காலம் உனக்கும் மாப்பிள்ளைக்கும் சுகமாகக் கழிகிறதா? இங்கே நானும் உன் அம்மாவும் உன் குழந்தை அனுஜினும் கைகால் விறைக்காமல் சுகமாகத்தான் கழிக்கிறோம். இதைப் போனிலேயே சொல்லலாமே, அப்பா எதற்குக் காகிதத்தை எடுத்தார் என்று நினைப்பாய். வீட்டில் இருப்பது ஒரே போன், அதுவும் உன் அம்மாவின் மேலங்கிப் பையில்தான் குடியிருக்கிறது. நான் பேச வாங்கினாலும் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள். நான் சொல்ல வந்த விஷயம் அவள் காதில் விழக்கூடாத விஷயம். பக்கத்து வீட்டு லுவ்சனின் தம்பி மகள் சியோலுக்குப் படிக்கப் போகிறாள், அவள் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். உறைக்கு மூன்று தரம் பசை தடவி ஒட்டியிருக்கிறேன். ஓரம் கொஞ்சம் கிழிந்திருந்தாலும் அது லுவ்சன் வேலை என்று தெரிந்துகொள், எனக்கு உடனே சொல்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பேனலை மறைத்தது நானில்லை. பத்து நாளைக்கு முன்னால் நீ போனில், "அப்பா, உண்மையச் சொல்லுங்க, அந்த சோலார் பேனல் மேல எதையாவது போட்டு மூடுறீங்களா?" என்று கேட்டாயே, அன்றைக்குக் கையிலெடுத்த பூஸ் கொழுக்கட்டையை அப்படியே தட்டில் வைத்துவிட்டேன். உன் அம்மா பக்கத்தில் இருந்தாள், குழந்தை என் மடியில் இருந்தது, ஸ்பீக்கரில் என் மகள் என்னைத் திருடனைக் கேட்கிற மாதிரி கேட்கிறாள். நான் பதில் பேசாமல் வெளியே போய்விட்டேன். பேசாமல் போனதால் தப்பு செய்தவன் என்று நீ முடிவு கட்டியிருப்பாய். அப்படி இல்லை அம்மா.

உனக்குச் சந்தேகம் வந்ததில் நியாயம் இல்லாமல் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். மின்நிலையத்தில் முப்பத்தோரு வருஷம் கரி கொட்டிக் கொதிகலனைப் பார்த்தவன் நான், இந்த ஊரில் பாதிப் பேர் வீட்டுக்குழாய் சுட்டதே எங்கள் கையால்தான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன். நீ அங்கே நின்று கால் கடுக்க உழைத்து எட்டு பேனலும் பேட்டரியும் ஹீட்டரும் வாங்கி வைக்கச் சொன்னபோது, இது யாரோ உன் தலையில் கட்டுகிற சரக்கு என்றுதான் சொன்னேன். வார்டு கூட்டத்தில் ஒருவர் வந்து நம் ஊரில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் வானம் தெளிந்திருக்கிறது, இத்தனை குளிரும் இத்தனை வெயிலும் சேர்ந்து கிடைக்கிற தலைநகரம் அபூர்வம் என்றார். உட்கார்ந்து எண்ணினீரா என்று எழுந்து கேட்டேன், எல்லோரும் சிரித்தார்கள். பேனல் மாட்ட வந்த பெண் துங்கலக், உன்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவள் இருப்பாள், அவள் அதற்கு மேல். "மாமா, குளிரக் குளிர இது இன்னும் நல்லா வேல செய்யும், சூடுதான் இதுக்கு ஆகாது" என்கிறாள். முப்பது டிகிரிக் குளிரில் என் தாடி உடைகிறது, கண்ணாடி மட்டும் நன்றாக வேலை செய்யுமாம், காதில் பூச்சுற்றுகிறாள் என்றுதான் நினைத்தேன். அக்டோபரில் முதல் கடும்பனி விழுந்த அன்று நான் போய்ப் பழைய கம்பளத்தைப் பேனல் மேல் போர்த்தியதும் உண்மை. வண்டி எஞ்சினுக்குப் போர்த்துகிறோமே, அந்த நினைப்புதான். பேனல் எவ்வளவு கரண்ட் தருகிறது என்பது அங்கிருந்தே உன் போனில் தெரியுமே, மதியம் நீ சைபரைப் பார்த்துவிட்டுக் கத்தினாய், துங்கலக் வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த ஒரு நாள் கூத்தை வைத்துத்தான் இப்போதும் என்னைப் பிடித்தாய், தெரியும். ஆனால் அன்றோடு கம்பளத்தைத் தொடவில்லை. அனுஜின் தலைமேல் சத்தியம்.

அந்தக் குழந்தையை வைத்துக்கொண்டு நான் அப்படிச் செய்வேனா? போன வருஷம் இரண்டு தரம் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இன்னொரு குளிர்காலம் அடுப்புப் புகை கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். புகை நிற்கவில்லையென்றால் வெள்ளை மாதப் புத்தாண்டுப் பண்டிகை முடிந்த கையோடு அவளை அர்வைகேரில் இருக்கும் சம்பந்தி அம்மாளிடம் அனுப்பிவிடுவோம் என்று நீயும் மாப்பிள்ளையும் சேர்ந்து சொன்னீர்கள். அங்கே காற்று சுத்தம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த அம்மாள் இந்தப் பேனல் விஷயத்தில் காட்டிய அக்கறை எனக்குப் பிடிக்கவில்லை. வாரம் ஒரு தரம் போன் போட்டு, "கரண்ட்டு எப்படி வருது சம்பந்தி, கொறஞ்சிருச்சாமே" என்கிறாள். குறைந்தது அவளுக்கு எப்படித் தெரியும்? மாப்பிள்ளைதானே சொல்லியிருக்க வேண்டும்? அனுஜினுக்குச் சின்னதாக ஒரு கட்டில் வாங்கிப் போட்டிருக்கிறாள் என்றும் கேள்விப்பட்டேன். இங்கே பேனல் படுத்தால் அங்கே கட்டில் நிறையும். அவர்களே ஆளை வைத்து ஏதாவது செய்தார்களோ என்று கூட இரண்டு நாள் யோசித்தேன். அறுநூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு என்ன செய்ய முடியும் என்று உன் அம்மா கேட்டாள். எனக்கு அறுநூறெல்லாம் ஒரு தூரமாகத் தோன்றவில்லை. பின்னால் வரைபடத்தைப் பார்த்தேன், நானூற்றுச் சில்லறைதான் இருக்கிறது, பார்த்தாயா.

நடந்ததைச் சொல்கிறேன். அக்டோபரிலும் நவம்பரிலும் பேனல் என் வாயை அடைத்துவிட்டது. வெயில் தாழ வருகிறது என்று துங்கலக் அதை ஏறக்குறைய நெட்டுக்குத்தலாக நிறுத்தியிருந்தாளா, பனி விழுந்தால் நிற்காமல் வழுக்கிவிடும். தரையில் கிடக்கிற பனியே வெளிச்சத்தைத் தூக்கிப் பேனல்மேல் அடிக்கும். மதியம் ஒரு மணிக்கு இன்வெர்ட்டர் பெட்டியில் மூவாயிரம் வாட் காட்டும். வீட்டுக்குள் பனியன் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், மின்நிலையத்து ஆளான நானே. சாயங்காலம் நம் மேட்டுத் தெரு முழுக்க ஹீட்டர் போட்டு வோல்டேஜ் சுருண்டு விழும் நேரத்துக்கு நம் பேட்டரி தாங்கும், அடுப்பு மூடிக் கிடந்தது. டிசம்பர் பிறந்ததும் எண் இறங்க ஆரம்பித்தது. இரண்டாயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம், பிறகு ஆயிரத்து நானூறு. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை, வெயில் கண்ணைக் குத்துகிறது, எண் மட்டும் இறங்குகிறது. நாலு மணிக்கே பேட்டரி காலி. ஹீட்டர் அணைந்தால் குழந்தையை விறைக்க விடவா முடியும், கரிக்கட்டியைப் போட்டு அடுப்பை மூட்டினேன். மூன்றாம் நாள் இருமல் ஆரம்பித்தது.

நான் எல்லோரையும் சந்தேகப்பட்டேன், ஒளிப்பானேன். முதலில் துங்கலக்கை. பழைய பேனலுக்குப் புதுச் சட்டம் போட்டு நம் தலையில் கட்டிவிட்டாள் என்று ஊரெல்லாம் சொன்னேன். அடுத்தது லுவ்சன். அவன் கம்பி போட்டு இழுக்கிறான் என்று வேலியோரம் ஒவ்வொரு பலகையாகத் தடவிப் பார்த்தேன். அவன் அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "என்ன தம்தின் அண்ணே, வேலிக்கு நாடி பிடிச்சுப் பாக்கறீங்களா?" என்றான். வீட்டுக்குள்ளும் ஏதோ சரியில்லை. தேநீர் நாளுக்கு நாள் தண்ணீராகிக்கொண்டு வந்தது. சந்தையிலிருந்து உறைந்த பால் கட்டி நாலு வாங்கிப் போட்டால் மாதக் கடைசி வரை வரும், இப்போது இருபது நாளில் தீர்ந்துவிடுகிறது. உன் அம்மாவைக் கேட்டால், "குழந்த குடிக்கிறா" என்றாள். குழந்தையைக் கேட்டால் "நான் குடிக்கல தாத்தா" என்றாள். லுவ்சன் வீட்டுப் பூனைமேலும் ஒரு கண் வைத்தேன்.

நீ போன் பண்ணின மறுநாள் துங்கலக்கை வரவழைத்தேன். அவள் வந்தாள், நான் அவளைப் பற்றி ஊரெல்லாம் சொன்னது தெரிந்தும் வந்தாள். பேனலின் முகத்தைப் பார்த்தாள். கீழ் வரிசையில் சாம்பல் நிறத்தில் தோல் மாதிரி ஏதோ படிந்திருந்தது. எனக்கும் தெரிந்ததுதான், புகைக்கரி என்று நினைத்து நான் தினமும் துணியால் தட்டித்தான் வந்தேன், போகவில்லை. கீழ் வரிசையில் இரண்டு மூன்று பேனல் மறைந்தால் போதுமாம், அதோடு கோத்த மற்றதும் சேர்ந்து சோர்ந்துவிடுமாம். அவள் கையுறையைக் கழற்றி நகத்தால் ஒரு துணுக்கைச் சுரண்டினாள், உள்ளங்கையில் வைத்து ஊதினாள், முகர்ந்தாள். "மாமா, இது பால்" என்றாள். கொழுப்பு கண்ணாடியில் ஒட்டி உறைந்து, அதன்மேல் தெருப்புகை வந்து ஒட்டி, அதன்மேல் மறுபடி பால். எவன் வந்து பாலை வீசுகிறான்? லுவ்சன்தான் என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். துங்கலக் ஏதோ சொல்ல வந்தாள், நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை வழக்கம்போல் எட்டு மணிக்குத் தண்ணீர் வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பினேன். தண்ணீர் பிடிக்கும் இடத்தில் வரிசை நின்று திரும்ப முக்கால் மணி ஆகும், அந்த முக்கால் மணியில்தான் எவனோ வருகிறான் என்பது என் கணக்கு. தெரு முனையில் வண்டியை விட்டுவிட்டுத் திரும்பி வந்து கக்கூஸ் பலகைக்குப் பின்னால் மண்வெட்டியோடு ஒளிந்துகொண்டேன். அப்போதுதான் கிழக்கே வெளுத்துக்கொண்டிருந்தது. கதவு திறந்தது. உன் அம்மா வந்தாள், கையில் பால் கிண்ணமும் ஒன்பது குழி மரக்கரண்டியும்.

காலையில் முதல் பாலை வானத்துக்குத் தெளிப்பது நம் வீட்டில் மட்டுமா, எல்லா வீட்டிலும் உண்டு. மூச்சு விடுவதை யாராவது சந்தேகப்படுவார்களா? அதனால்தான் எனக்குத் தோன்றவே இல்லை. வாசலில் நின்று ஒரு தரம் வீசிவிட்டு உள்ளே போய்விடுவாள் என்றுதான் நினைத்திருந்தேன். பேனல் மாட்டிய அன்று புது வண்டிக்குத் தடவுவது போல அதன் ஓரத்திலும் ஒரு சொட்டுப் பால் தடவினாள், நீயும் வீடியோவில் பார்த்துச் சிரித்தாய். ஆனால் இது வேறு. அவள் வாசலைத் தாண்டி முற்றத்துக்கு வந்தாள். பேனல் இருக்கும் தென்கிழக்கு மூலைக்கு நேரே வந்து நின்றாள். அந்தப் பக்கம்தானே அம்மா உன் சியோல் இருக்கிறது. ஒன்பது தரம் வீசினாள், பிறகு இன்னொரு ஒன்பது. ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு பேச்சு. "எம் பொண்ணு விரலு சீக்கிரம் ஆறட்டும். மெஷினு பக்கம் கண்ணு அசராம இருக்கட்டும். மாப்பிள்ளைக்கும் ஒண்ணும் ஆகாம இருக்கட்டும். போற பாத வெள்ளையா இருக்கட்டும், வர்ற பாத அதவிட வெள்ளையா இருக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே வீசினாள். பேனலைத் தாண்டி மேலே போன பால் காற்றில் திரும்பி அதன் முகத்தில் விழுந்து, விழுந்த இடத்திலேயே உறைந்தது. அவள் பார்த்தது உன் திசையைத்தான், பேனலை அவள் பார்க்கவே இல்லை.

நவம்பர் கடைசியில் மெஷினில் விரல் மாட்டி நாலு தையல் போட்டதை நீ சிரித்துக்கொண்டே சொன்னாயே, அன்றிலிருந்து இது நடந்திருக்கிறது. எண் இறங்க ஆரம்பித்ததும் அப்போதுதான். தேநீர் தண்ணீரானதும் அப்போதுதான். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை அவள். அவள் உள்ளே போன பிறகும் நான் அங்கேயே நின்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது உயங்கா, உன்னிடம் சொல்ல என்ன வெட்கம். வேலிக்கு அந்தப் பக்கம் லுவ்சன் தலையை நீட்டி, "சொந்த வீட்டுலயே திருட வந்துட்டீங்களாண்ணே, மம்பட்டியோட?" என்றான். நாயைத் தேடுகிறேன் என்றேன். நாயில்லாத வீட்டில் நாயைத் தேடுகிறவனை அவன் என்ன நினைத்தானோ.

அவளிடம் சொல்லிவிட்டால் என்ன என்று நீ கேட்பாய். நானும் யோசித்தேன். சொன்னால் அந்த நிமிஷமே நிறுத்திவிடுவாள். ஆனால் பேனல் படுத்தது தன் பாலால், அடுப்பு மூட்டியது அதனால், குழந்தை இருமியது அதனால் என்று அவள் கணக்குப் போட்டுக்கொள்ள எத்தனை நேரம் ஆகும்? டிசம்பர் முழுக்க அனுஜினை நெஞ்சில் போட்டுக்கொண்டு அவள் தூங்காமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவன் நான். அவள் தாங்கமாட்டாள். திசையை மாற்றி வீசச் சொன்னால் ஏன் என்று கேட்பாள், எனக்குப் பொய் சொல்ல வராது என்று உனக்கே தெரியும். பேனலை நகர்த்தலாம் என்றால் தூண் கான்கிரீட்டில் நிற்கிறது, மண் இரும்பாக இறுகியிருக்கிறது, மே மாதம் இளகினால்தான் கடப்பாரை இறங்கும்.

துங்கலக்குக்குப் போன் போட்டுப் பொதுவாகக் கேட்கிற மாதிரி கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. "எங்கம்மாவும் இப்படித்தான் மாமா, அதத்தான் அன்னிக்கே சொல்ல வந்தேன்" என்றாள். வெந்நீர் ஊற்றினால் கண்ணாடி தெறித்துவிடும், பச்சைத் தண்ணீர் கை எடுப்பதற்குள் உறைந்துவிடும், கொழுப்பும் போக வேண்டும், துடைக்கிற ஈரமும் உறையக் கூடாது, அதற்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, வோட்கா என்றாள். விதியைப் பார். அனுஜின் பிறந்த அன்று உன் கையைப் பிடித்துக்கொண்டு இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தவன், ஐந்து வருஷம் கழித்துக் கடைக்குப் போய்ப் பாட்டில் வாங்கி மேலங்கிக்குள் மறைத்துக்கொண்டு வந்தேன். ஒரு சொட்டு நாக்கில் படவில்லை. தண்ணீர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியதும், உன் அம்மா உள்ளே குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து, துணியை நனைத்துத் துடைத்துவிடுகிறேன். தெளித்ததைத் துடைக்கலாமா என்று முதல் நாள் கை கூசியது. மேலே போனது உனக்குப் போய்ச் சேர்ந்திருக்கும், கீழே விழுந்ததைத்தானே துடைக்கிறேன் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். எட்டு நாளாகிறது. நேற்று மதியம் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது. ஆறு நாளாக அடுப்பு மூட்டவில்லை, நாலு நாளாக இருமல் இல்லை, அனுஜின் மறுபடி டீச்சர் மாதிரி குச்சியால் சுவரைக் குத்திப் பாடம் நடத்துகிறாள்.

ஆனால் முந்தாநாள் உன் அம்மா பாட்டிலைக் கண்டுபிடித்துவிட்டாள். கரி வாளிக்குப் பின்னால் வைத்திருந்தேன். என் கையுறையை எடுத்து முகர்ந்தாள், பாட்டிலில் பாதி இல்லாததைப் பார்த்தாள். "அஞ்சு வருஷமா இல்லாத புத்தி, பேத்தி இருமுற வீட்டுல வந்துருச்சா?" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வேறு என்ன செய்ய? அதிலிருந்து பேச்சில்லை, தேநீர்க் கிண்ணத்தை என் முன்னால் வைக்கிற சத்தத்தில் பாதி தேநீர் மேசைக்குப் போகிறது, மீதி இப்போதும் தண்ணீர்தான். நான் வெளியே போனால் எட்டிப் பார்க்கிறாள், உள்ளே வந்தால் பக்கத்தில் வந்து மூச்சு இழுத்துப் பார்க்கிறாள். ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவனுக்கு இது வேண்டியதுதான்.

அதனால் உன்னிடம் இரண்டு காரியம் கேட்கிறேன். பண்டிகை வரை இங்கத்து ஒரு மணி எண்ணைத் தினமும் பார், உனக்கு அப்போது மணி இரண்டு இருக்கும், சாப்பாட்டு வேளைதானே. எண் இறங்காமல் நின்றுவிட்டால் குழந்தையை அனுப்பச் சொல்லாதே, கட்டிலைச் சம்பந்தி அம்மாள் வேறு யாருக்காவது கொடுக்கட்டும். இன்னொன்று, உன் அம்மா போனில் அழுதுகொண்டு, அப்பா மறுபடி குடிக்கிறார் என்று சொல்வாள். நீ இல்லை என்று சொல்லிவிடாதே. நம்பினது போலவே இரு. ஸ்பீக்கரில் என்னைக் கூப்பிட்டு நாலு வார்த்தை திட்டு, கொஞ்சம் உறைக்கிற மாதிரியே திட்டு, நான் வாயைத் திறக்கமாட்டேன். மே மாதம் மண் இளகட்டும், பேனலை நானே மேற்கு வேலிக்கு மாற்றிவிட்டு அவளிடம் எல்லாவற்றையும் சொல்கிறேன். அதுவரை அவள் வீசட்டும், நான் துடைக்கிறேன்.

மெஷினில் கை வைக்கும்போது வேறு நினைப்பு வேண்டாம். கையுறை இல்லாமல் நிற்காதே. மாப்பிள்ளையிடம் கேட்டதாகச் சொல், அவன்மேல் எனக்கு இப்போது சந்தேகம் குறைந்திருக்கிறது. நீங்கள் போகிற பாதை வெள்ளையாக இருக்கட்டும், வருகிற பாதை அதைவிட வெள்ளையாக இருக்கட்டும். இந்தக் கடிதத்தைப் போட்டோ எடுத்து யாருக்கும் அனுப்பிவிடாதே, உறை ஓரத்தைப் பார்க்க மறக்காதே.

உன் உச்சி முகர்ந்து,
குடிக்காத உன் அப்பா,
தம்தின்.